நீ தவறவிடாத கோப்பு

என் அலமாரியை ஒழித்தபோது உன் கையெழுத்தோடு ஒரு சிடி கிடைத்தது. ‘டெமோ’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். நீ போய் இரண்டு மாதமாகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அப்போது நீ விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர்களின் சங்கத்தில் தற்காலிகத் தட்டச்சர். தினமும் டெண்டர் இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர்கள் செய்யும் பீங்கான் பியூஸ் கட்டைக்கு அறிவிப்பு ஏதாவது உண்டா என்று கண் வலிக்கத் தேடுவாய். அதைத் தானாகச் செய்ய பைதானில் ஒரு நிரல் எழுதினேன். கல்லூரியில் கணினி கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது விடுமுறை விளையாட்டு. உனக்கோ, சங்கத்தார் முன்னால் அது ஓடினால் வேலை நிரந்தரம்.

டெமோ அன்று அது ஓடவில்லை. பிரவுசரை இயக்குகிற ‘டிரைவர்’ என்ற துணைக்கோப்பைப் பொதியில் சேர்க்க மறந்திருந்தேன். என் கணினியில் அது ஏற்கெனவே இருந்தது. அங்கே மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயும் ஓடும் என்று நம்பிவிட்டேன். சங்கத்துக் கணினியோ டிரைவரைக் காணோம் என்றது.

“டீ குடிக்கப் போயிட்டானா டிரைவரு?” என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. “பித்தளத் தகடு இல்லாம பியூஸ் கட்டைய அனுப்புனா எவன்யா வாங்குவான்? யாரு பாத்த வேல இது?”

நான் வாய் திறக்குமுன் நீ எழுந்துவிட்டாய். “நான்தாங்க. சிடில ஏத்தும்போது ஒரு ஃபைல வுட்டுட்டேன்.”

வெளியே வந்ததும் கத்தினேன். “உன்ன யாருடி கேட்டா?”

“சும்மா இருடி. உன் ஸ்டூடன்ட்டுங்க காதுக்குப் போனா சிரிப்பாங்க. எனக்கென்ன, டைப்படிக்கிற வேலதான? எங்க போனாலும் கெடைக்கும்.”

கிடைக்கவில்லை. அடுத்த மாதமே உன்னை நிறுத்தினார்கள். பெண்ணாடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தாய். நான் கோப்பைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்த நிரலை வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஆண்டுவிழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நம் இருவரில் யார் இழக்கலாம் என்று தீர்மானிக்க நீ யார்? பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம், “வேற பேசுடி” என்பாய். நானும் வேறு பேசினேன், நிம்மதியாக.

உன் துக்கத்துக்குத் தலைவர் வந்திருந்தார். வயதாகிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து, “நல்ல பொண்ணும்மா. ஒரு ஃபைல வுட்டுட்டு வேலையும் போச்சு, பாவம். என்ன, கொஞ்சம் கவனம் பத்தாது” என்றார்.

உண்மையைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும். உன் மகள் எதிரில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க” என்றேன்.

இத்தனை வருடமும் உன் பொய்யைச் சுமப்பதாகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இது என்னுடையது.