நாலாவது ஆளின் இடம்

மார்ச் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். மாட்டகானாவுக்குக் கோல்ஃப் பயணம், பெட்டி அடுக்கியாயிற்று. இவருடைய தொப்பி, கையுறை, வெயில் கிறீம், முழங்கால் பட்டி. எல்லாம் நான்தான். என் கோல்ஃப் பையைக் காரில் ஏற்றப் போனேன்.

"அது என்னத்துக்கு?" என்றார் இவர்.

என்னத்துக்கா? ஒரு வருடமாக, ஆய்வுகூட வேலை முடிந்து ஒனிஹங்காப் பயிற்சித் திடலுக்குப் போய்ப் பந்தடித்தது என்னத்துக்கு? "அடுத்த முறை நீரும் விளையாடலாம்" என்று தீபாவளிக்குச் சொன்னது இதே வாய்.

இப்போதுதான் சொல்கிறார். ஆண்கள் நாலு பேருக்குக் கடற்கரை மைதானம்: இவர், இவருடைய கூட்டாளிகள் ராஜூ, செந்தில், நாதன் அண்ணை. மனைவிமாருக்கு வேனில் திராட்சைத் தோட்டச் சுற்றுலா. பெண்கள் யாரும் விளையாடுவதில்லை என்று இவர்தான் பதிவு செய்தாராம். பற்றிக்கொண்டு வந்தது. பையைக் காரில் ஏற்றினேன்.

13, வெள்ளி. மாட்டகானா

வெயில், நல்ல காற்று. நாதன் அண்ணை பிளாட் புஷ் வீட்டிலிருந்து ஃபோன்: இடுப்புப் பிடித்துவிட்டது, வரவில்லை. நாலாவது இடம் காலி.

காலைச் சாப்பாட்டில் எல்லாருக்கும் முன்னால், "நான் வாறன்" என்றேன்.

ராஜூ தேநீரைப் பார்த்தார். செந்தில் சிரித்தார். "பரவால்லக்கா, மூணு பேரே போதும். நீங்க இருந்தா நாங்க ஃப்ரீயா பேச முடியாது."

இவர்: "உமக்குக் காத்து ஒத்துவராது."

அடுப்புப் புகை ஒத்துவரும், கடற்காற்று ஒத்துவராது. வெறும் இடம் கூட என்னைவிட நல்லது இவர்களுக்கு.

வேன். ஒரு தோட்டம், பிறகு இன்னொரு தோட்டம். கொடிகளுக்கு மேல் குருவி வலை. நான் குடிப்பதில்லை, வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு வேறு. ராஜூவின் மனைவி, மலேசியாக்காரி ஷீலா, வைன் கிளாஸை நீட்டினாள். "ஒரு வாய் லா அக்கா. கோபம் போயிரும்."

போகவில்லை. பாணும் ஒலிவ் காயும்தான் சாப்பிட்டேன்.

பின்னேரம் மைதானத்துப் பதிவு மேசையில் நேரே போய் எனக்கு இடம் கேட்டேன். நாளைக்கு ஓர் இடம் இருந்தது: ஜேன் என்றொரு பெண், அவள் தங்கை, நான். நாளைக்கும் விளையாடப் போகும் இவர்களுக்கு அடுத்த குழு. இவரிடம் சொல்லவில்லை. ஷீலாவிடம் மட்டும்.

"போங்கக்கா. நான் வாயே தொறக்க மாட்டேன்."

14, சனி

மேகம். மவுண்ட் வெல்லிங்டன் கடையில் வாங்கிய புதுச் சப்பாத்து காலைக் கடிக்கிறது.

முதல் குழியிலேயே பந்து மணலுக்குள். கோபத்தோடு அடித்த அடி. ஜேன் எழுபது வயதுக்காரி, விறுவிறுவென்று நடப்பவள். முன்னால் இவர்கள் மூன்று பேரும் புதர் புதராகப் பந்து தேடுகிறார்கள். காத்திருந்து அலுத்துப்போய் ஜேன் கையை உயர்த்தினாள். பின்னால் வருபவர்கள் வேகமாக வந்தால் முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கி வழி விட வேண்டும். கோல்ஃபில் அதுதான் மரியாதை.

இவர் தொப்பியைத் தூக்கி, பெரிய மனிதர் போல் "வாருங்கள்" என்று கை காட்டினார். பிறகுதான் என்னைக் கண்டார்.

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?"

"விளையாடுறன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றார். மூன்று பேரும் பார்க்க அடித்தேன். பெரிய தூரமில்லை, ஆனால் நேராகப் போனது. ராஜூ மட்டும், "நல்ல அடி." திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோபம் அப்படியே இருந்தது.

இரவுச் சாப்பாடு. இவர் கையில் வைன். "நான்தான் பழக்கினனான். ஒரு வருஷமாப் பொறுமையாப் பழக்கி எடுத்தது."

"சூப்பர்ணே," என்று செந்தில் கை தட்டினார்.

ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்காத மனிசன். வேறு நாளென்றால் சிரித்துச் சமாளித்திருப்பேன், நாலு பேருக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று. என் கை வலியையும் இவர் தன் கணக்கில் எழுதினால் எப்படிச் சிரிப்பது?

"இல்லை," என்றேன், மேசை முழுக்கக் கேட்க. "இவர் ஒரு நாளும் வரேல்லை. நான் எங்க போறனான் எண்டும் கேக்கேல்லை."

ஷீலா என் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

தட்டைப் பார்த்தபடி இவர்: "எங்க போறனீர்?"

ஒரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறார். நாளைக்கும் ஜேனோடுதான் விளையாடுகிறேன் என்று ராஜூவிடம் சொன்னேன்.