படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன்

பிரிக்பீல்ட்ஸ்
12.8.1987

அன்பு மகனுக்கு,

அப்பாவைச் சேர்க்க நீ அனுப்பிய முதியோர் இல்லப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்பா என்னை அடித்தது உண்மைதான். என்னை அடையாளம் தெரியாமல், யாரோ திருட வந்தவள் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாகப் பயந்துவிட்டார். "நான்தாங்க உங்க சம்சாரம்" என்று நான் வாதாடியது தப்பு. அவரை அமைதிப்படுத்தக் கொடுத்த தூக்க மாத்திரையால் இரண்டு தடவை விழுந்தார். டாக்டரிடம் சண்டை போட்டு அதை நிறுத்த வைத்தேன்.

நேற்று சாயங்காலம் மறுபடியும், "யாரு நீ?" என்று கத்தினார்.

"பக்கத்து வீடு, அங்கிள். டீ கலக்கட்டுமா?" என்றேன்.

அடங்கிவிட்டார். "சீனி நிறைய போடு லா. என் சம்சாரம் வந்தா விடமாட்டா."

"அவங்க எப்படி?"

"கோபக்காரி. ஆனா என்னை எங்கேயும் விட்டுட்டுப் போகமாட்டா."

என் முகம் மறந்த மனிதருக்கே இது தெரிகிறது. உனக்கும் தெரியட்டும்.

உன் அம்மா