மதியத்தில் அணைந்த மோடம்

இயேசுவுக்கே புகழ்

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

அன்பு மகன் மரிய அருளுக்கு அம்மா சவரியம்மாள் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் மனைவி பெலிசியாவும் சுகமாக இருக்கிறோம், மாடிப்படி ஏறினால் எனக்கு முழங்கால் வலிக்கிறது, மற்றபடி உடம்புக்குக் குறை இல்லை. மஸ்கட்டில் நீயும் உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினம் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், இதை நீ கடைசி வரைக்கும் படிக்க வேண்டும். எதிர்வீட்டு அமராவதியின் மகன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பி வருகிறான், அவன் கையில் நெத்திலிக் கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை வெளியே வைக்காதே, ஃப்ரிட்ஜில் வை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நீ போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது நினைவிருக்கும். போன லீவில் வந்தபோது திருடன் பயத்துக்கு என்று ஹாலில் நீ மாட்டிவிட்டுப் போன கேமரா மதியமானால் அணைந்துவிடுகிறது, சாயங்காலம்தான் திரும்ப வருகிறது என்றாய். ‘பெலிசியாவக் கேட்டா கரண்டு ஏறுது, நெட்டு வர்ற மோடம் வீணாப் போயிடும், அதான் புடுங்கி வைக்கிறேன்னு கத சொல்றாம்மா. ஊர்ல எல்லார் ஊட்லயும் மோடம் ஓடுது, நம்ம ஊட்ல மட்டும் கரண்டு ஏறுதா. யாரு வர்றாங்க, எங்க போறான்னு நீ கொஞ்சம் பாத்துக்க’ என்று சொன்னாய். நீ சொல்வதற்கு முன்னால் எனக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது. சொன்ன பிறகு அவள் எது செய்தாலும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து முடித்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவாள். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். டி.வி. மேசைக்குப் பின்னால் குனிந்து மோடத்தின் வயரைப் பிடுங்குவாள், பச்சை விளக்கு அணையும், உடனே போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். யாரோடு பேசுகிறாள் என்று படி வரைக்கும் போய்க் காது கொடுத்தேன், அவள் அம்மாவோடு பேசுவது போல இருந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

போதாததற்கு ஒரு நாள் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற ஆரோக்கியராஜ் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றான், இவள் உள்பக்கம் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் வண்டியை எடுத்துவிட்டான். பொங்கல் சமயத்தில் ஒரு மோடம் எரிந்ததே, அதை மாற்றியவனும் அவன்தான். இவன் வேண்டுமென்றே மட்டமான பெட்டியாக வைத்துவிட்டு அடிக்கடி வந்து போக வழி பண்ணுகிறானா என்று கூட யோசித்தேன். மாடியில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் பெண் ஸ்ரீமதியிடம் மருமகளைப் பற்றி ஜாடையாகக் கேட்டேன். அவள் ‘நான் நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து, மதியம் ஏசி போட்டுக்கிட்டு தூங்குறவ ஆன்ட்டி, எனக்கு என்னா தெரியும்’ என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவளையும் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் பெலிசியா அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சிதம்பரம் கிளம்பினாள். ஆஸ்பத்திரி இருக்கிற அண்ணாமலை நகருக்கு நீதான் பஸ் ஏற்றிவிடச் சொன்னாய், ஏறுகிறாளா என்று பார்க்கவும் சொன்னாய், ஏறினாள். போகும்போது என்னிடம் ‘அத்தே, மதியத்துல மோடத்த மறக்காம புடுங்கிடுங்க, லைட்டு பளிச்சுன்னு ஆச்சுன்னா கிட்ட போவாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பிடுங்கவில்லை. பெட்டி நாள் முழுக்க ஓடட்டும், கேமரா அணையாமல் இருக்கட்டும், இவள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாளே தெரிந்தது தம்பி. மதியம் நான் ஹாலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏசி ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஹால் டியூப்லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது, ஃபேன் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சுற்றியது, மோடம் பக்கம் பட்டென்று ஒரு சத்தம். எரிந்த நாற்றம் வந்தது, பின்னால் தொங்கிய ஜன்னல் துணியின் ஓரம் கருகிப் புகைந்தது. வயரைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன், ‘கிட்ட போவாதீங்க’ என்று பெலிசியா சொன்னது நினைவுக்கு வந்ததும் கை நின்றது. வராந்தாவுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் வந்து துணியில் தண்ணீர் ஊற்றினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. உன் கேமராவும் மோடத்தோடு சேர்ந்து அணைந்துவிட்டது, நீ அங்கே பார்த்திருந்தால் வழக்கம் போல இருட்டுதான் தெரிந்திருக்கும்.

ஆரோக்கியராஜைக் கூப்பிட்டேன். கருகிய பெட்டியைப் பார்த்ததும் அவன் சொன்னான், ‘இதத்தாம்மா அண்ணிகிட்ட அன்னிக்கே கேட்டாண்ட நின்னு சொன்னேன். பொட்டி மேல தப்பு இல்ல, உங்க ஊட்டு லைன்லதான் தப்பு, எலக்ட்ரீசியன கூப்புட்டு மீட்டர் பக்கம் பாருங்கன்னு. அண்ணன்கிட்ட கேட்டாங்களாம், அதெல்லாம் ஒண்ணும் வேணாம்னுட்டாராம்.’ எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனே எலக்ட்ரீசியன் ஆண்டியை அனுப்பி வைத்தான். ஆண்டி மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார், உப்புக் காற்றில் நியூட்ரல் வயரின் இணைப்பு பச்சை பிடித்து, அரித்து, லூசாகிக் கிடந்தது. நம் வீட்டுக்கு வருவது மூன்று பேஸ் லைன், மாடி ஏசி ஒரு பேஸில், ஹால் இன்னொன்றில். நியூட்ரல் சரியில்லாததால் மேலே ஏசி இழுக்கும்போதெல்லாம் ஹாலில் கரண்ட் தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஸ்ரீமதி மேல் ஒரு தப்பும் இல்லை, அந்தப் பெண் தூங்கத்தானே ஏசி போட்டாள். ஆண்டி வயரை வெட்டிப் புதிதாக முடுக்கி, கரண்ட் ஏறினால் தானே கட்டாகிற ஒன்றைப் போர்டில் மாட்டியிருக்கிறார். புது மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தாகிவிட்டது, கரண்ட் போனாலும் நெட் நிற்பதில்லை. இடி இடித்தால் மட்டும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொன்னார். இருந்தாலும் மதியமானால் நான் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடாக இருக்கிறதா என்று. நம்பிக்கை இன்னும் வரவில்லை.

பெலிசியா நேற்று வந்தாள். அவளை உட்கார வைத்து, நீ என்னிடம் சொன்னதையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டேன். என் மேல் கோபப்படுவாய், பட்டுக்கொள். அவள் அழவில்லை. ‘தெரியும் அத்தே, நீங்க தூங்கலன்னு தெரியும். அவருகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். நம்பாதவருகிட்ட இன்னும் என்னான்னு சொல்றது’ என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குக் காபி போடப் போனாள். அவள் அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதாம். சாயங்காலம் நானே ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கேமராவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் கழற்றச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். திரும்ப மாட்டச் சொல்லி யாரையும் அனுப்பாதே.

இப்போது உன்னைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது தம்பி. அங்கே யார் உன் காதில் என்ன போடுகிறார்கள், தனியாக அறையில் உட்கார்ந்து நீயே எதையாவது நினைத்துக்கொள்கிறாயா, எனக்குத் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அப்பாவின் நினைவுப் பூசைக்கு வரும் மாதம் கோயிலில் சொல்லியிருக்கிறேன், அன்றைக்காவது லீவு போட்டு ஜெபம் செய்துகொள். மாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். பெலிசியா சிதம்பரத்துக்குப் பெரிய சூட்கேஸை எடுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பை மட்டும்தான் இருந்தது. சூட்கேஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு, என்னைக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரியம்மாள்