மேல் சுரம் மட்டும் ஊதிக் காட்டியவனுக்கு

பெட்டியைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாசனைதான் வருகிறது. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதானே ஊதுவாய். நீ போய் ஏழு மாதமாகிறது, வாசனை போகவில்லை. இன்று காலை பேத்தி கயல் பழகுவதற்காக உன் சாக்ஸபோன் பெட்டியைத் திறந்தாள். வீடு முழுக்க நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து மகள் வசந்தாவைப் பேனா எடுக்கச் சொன்னேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். "பெரியப்பாவப் போயி இப்படி எழுதலாமாப்பா?" என்று முதலிலேயே பேனாவை மூடினாள். "நீ எழுதுடி" என்றேன். அரியூரில் உன் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். கூடப் பிறந்தவன் போய்விட்டான் என்று சுடுகாட்டு மண்ணில் விழுந்து அழுதேன், நாலு பேர் தூக்கிவிட்டார்கள். அந்த அழுகையைத் திருப்பிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வசந்தாவுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளி விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தால் சாப்பாடுகூடக் கேட்கமாட்டாள், உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். செல்லிப்பட்டில் ஒரு பெரிய சாவுக்கு உன் பேண்டு செட்டு வந்திருந்தது. டீ குடிக்க எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் உன் வாத்தியத்தை எடுத்து, நீ சற்று முன் ஊதியதை ஒரு வரி ஊதினாள். ஒரே ஒரு வரி. டிரம் அடிக்கிற ஆள் டீயைத் துப்பிவிட்டான்.

"அண்ணே, தம்பி பொண்ணு உன்ன முழுங்கிடும் போலக்கீதே! நாளைலேர்ந்து நீ ஜால்ரா தட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து வாங்கி, அவள் வாய் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தாய். ஒருமுறை துடைத்திருந்தால் மறந்திருப்பேன். மூன்று முறை துடைத்தாய்.

மறு வாரம் நான்தான் உன்னிடம் வந்து கேட்டேன். "அண்ணா, உன்கிட்டதான் ரெண்டு இருக்குதே, பழசக் குடேன், புள்ள பழகட்டும்." நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். "சாவுக்கு ஊதுனதுடா. பொண்ணு வாயில வைக்கக் கூடாது. புதுசா வாங்கு, நானே வந்து பாத்துத் தரேன்." போன வாரம்தானே வைத்து ஊதினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்று கிடாரிக் கன்றை விற்றுவிட்டு உன் பின்னால் டவுனுக்கு வந்தேன்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று மங்கலாக, யாரோ வைத்திருந்தது. இன்னொன்று கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மின்னியதை எடுத்தாய். கண்ணை மூடிக்கொண்டு ஊதினாய். கீச்சென்று மேலேயே பறந்தது, குருவி மாதிரி. கடைப் பையன்கூட நின்று கேட்டான். "தங்கம்டா தம்பி" என்றாய். அந்த மங்கலானது எப்படி என்று கேட்டேன். "எவன் எச்சிலோ. கண்டவன் எச்சிலயா புள்ள வாயில வைப்ப?" என்றாய். தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தாய். அந்த டீயின் ருசிகூட எனக்கு நினைவிருக்கிறது. இப்போது கசக்கிறது.

அவள் ஊதினாள். ஆறு மாதம் ஊதினாள். மேலே கீச்சுக் கீச்சென்று ஏதோ வரும், கீழே இறங்கினால் வெறும் காற்று, சைக்கிள் டியூப் மாதிரி. கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். உன்னிடம் கூட்டிவந்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாய். பிறகு அவளை நிற்கவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்:

"மூச்சு பத்தலடா. இவளுக்கு மார்ல காத்து கெடையாது. வுட்டுடு."

முப்பது வருஷம் அந்தச் சொல் அவளோடு குடித்தனம் பண்ணியது. ஈர விறகை ஊதச் சொன்னால் "எனக்கு மூச்சு கம்மி" என்பாள். மாடிப்படி கண்டால் நின்றுவிடுவாள். பிள்ளை பிறந்தநாளுக்குப் பலூன்கூட அவள் ஊதியதில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி அனுப்பியும் நம்பவில்லை. பெரியப்பாவுக்குத் தெரியாததா என்றாள்.

இப்போது அவள் பெண் கயல் ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை வில்லியனூரில் பாட்டு வகுப்பு, வாத்தியமும் சொல்லிக்கொடுப்பார்கள். சாக்ஸபோன்தான் வேண்டும் என்று பிடிவாதம். அங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சர், "ஆல்ட்டோன்னு சின்ன சாக்ஸபோன் வாங்குங்க, டெனர் பெருசு, கனம், கழுத்து தாங்காது. பளபளப்பப் பாத்து மட்டும் ஏமாந்துடாதீங்க" என்றார். வசந்தா கட்டிலுக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள், அதுவும் ஆல்ட்டோதான். கயல் ஊதினாள். அதே சைக்கிள் டியூப்.

வசந்தா முகம் செத்துப்போனது. "வேணாம்டி. நம்ம வம்சத்துக்கே மூச்சு கெடையாது. வேற எதுனா கத்துக்க."

பிள்ளை அன்று சோறு தின்னவில்லை. டீச்சர்தான் சொன்னார்: "தப்பு பொண்ணு மேலயா, வாத்தியத்து மேலயான்னு ரிப்பேர்காரர்கிட்ட காட்டிட்டு அப்புறம் நிறுத்துங்க." உன் காரியம் முடிந்ததும் அண்ணி, பார்க்கப் பிடிக்கவில்லை என்று உன் வாத்தியத்தை என்னிடம் கொடுத்திருந்தாள். அதையும் சேர்த்து இரண்டு பெட்டியோடு டவுனுக்குப் போனோம்.

ரிப்பேர்காரர் கடை விளக்கை அணைத்தார். வசந்தாவின் வாத்தியத்துக்குள் ஒரு சின்ன பல்பு சரத்தை இறக்கி, ஓட்டைகளை மூடுகிற சாவிகளை எல்லாம் அழுத்தினார். மூடியும் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் ஒழுகியது. பழசாகிவிட்டதா என்று கேட்டேன்.

"பழசுன்னா சாவிக்கு அடியில கீற மெத்தை, பேடு, அத மாத்திடலாம் பெரியவரே. இதுல ஓட்டையோட விளிம்பே செய்யும்போதே கோணல். சாவி மூடவே மூடாது. கீழ் சுரம் எவனாலயும் ஊத முடியாது."

"வாங்கும்போது தெரியாதா?"

"மேல் சுரத்துக்கு இந்த ஓட்டைங்க தொறந்துதான் கெடக்கும், அதுல தெரியாது. ஊதத் தெரிஞ்சவன் கடையில மொதல்ல கீழ் சுரம்தான் ஊதுவான். ஒரே ஊது, குட்டு ஒடஞ்சிடும்."

எனக்கு அந்தக் கடை திரும்பி வந்தது. உன் மூடிய கண், மேலேயே பறந்த குருவி. ஒருமுறைகூட நீ கீழே இறங்கவில்லை. சாவு வீட்டில் கீழ் சுரத்தில் முனகியே ஊர்ப் பெண்களை எல்லாம் அழவைத்தவன் நீ! பதினோரு வயசுப் பிள்ளைக்குப் பயந்தாயா? முழுங்கிவிடுவாள் என்று அந்த ஆள் சொன்ன வேடிக்கைக்கா இது?

உன் வாத்தியத்துக்குள் பல்பை இறக்கினார். ஊசி முனை வெளிச்சம் இல்லை. உனக்கென்றால் ஒரு பொட்டு ஒழுகவிடமாட்டாயே.

வாயில் வைத்து ஊதும் முனை, அந்த ஊதுவாய், தன்னுடையது ஒன்றைக் கழுவி உன் வாத்தியத்தில் அவர் பொருத்தி, "நீங்க ஊதிப் பாருங்கம்மா" என்று வசந்தாவிடம் நீட்டினார்.

"எனக்கு மூச்சு கம்மிங்க."

"ஊதும்மா, செத்தா பூடுவ?" என்றாள் கயல்.

அவள் எல்லா விரலையும் அழுத்தி ஊதினாள். அடியிலிருந்து வந்தது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாதவள் மாதிரி ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இது நானாப்பா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் வசந்தா பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் எடுத்தாள்.

உன்னுடையது வேண்டாம், புதுசு ஒன்று வாங்கலாம் என்றேன். "அது சாவுக்கு ஊதுனது" என்றும் சொல்லிவிட்டேன். உன் பேச்சு என் வாயில்! அதுவும் உன் வேலைதான். மூன்று முறை துடைத்ததைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் இருந்தவன் நான், அதை மறைக்கவில்லை. கயல்தான் வெடுக்கென்று சொன்னாள்: "செத்தவங்களா தாத்தா வந்து வாசிக்கப் போறாங்க? நல்லாக் கீறதுதான் எனக்கு வேணும்." அதோடு முடிந்தது. ஊதுவாய் மட்டும் புதுசு.

பெட்டியின் கைப்பிடி அறுந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நான்தான் தோளில் சுமந்து பஸ்ஸுக்குப் போகிறேன். உன்னைச் சுமந்த அதே தோள். பெட்டியை அடையாளம் தெரிந்தவர்கள், "இன்னா பெரியவரே, யார் வூட்ல சாவு?" என்று கேட்கிறார்கள். "சாவு இல்ல, பாட்டு கிளாஸு" என்கிறேன்.

உன் பல் தடம் பதிந்த பழைய ஊதுவாய் என் வேட்டி மடியில் இருக்கிறது. ஆற்றுப் பாலம் வரும்போதெல்லாம் எறியக் கை போகும். பாசம் தடுக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. எறிய வேண்டியவள் வசந்தா. கூப்பிட்டால் அவள், "இருப்பா, இத ஊதிட்டு வரேன்" என்கிறாள். கயல் பழகி முடித்ததும் இவள் எடுத்துக்கொள்கிறாள், கீழ் சுரத்தை விட்டு மேலே வரமாட்டேன் என்கிறாள். உன்னை எறிய அவளுக்கு நேரமில்லை. அதுவரை மடியில் கிடக்கிறாய். நடந்தால் குத்துகிறது.