காலண்டரில் சிரிக்காத முகம்

நவம்பர் 9, 2024

இங்கிலீஷ் தேர்வுக்குப் பதினெட்டாயிரம் கட்டினேன். திருத்தங்கல் அச்சகத்தில் ஒரு மாதம் மை சரிபார்த்தால் எனக்குக் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாலு வருடம் இங்கிலீஷிலேயே படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று பார்க்க இவ்வளவு. இனி அயர்லாந்தில் ஐந்து பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பக் கட்டணம். இடம் கிடைக்காவிட்டாலும் திருப்பித் தர மாட்டார்கள்.

நவம்பர் 17

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பேராசிரியருக்கு மூன்று மெயில். இன்று பதில் வந்தது: நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். 'கடின உழைப்பாளி' என்று எழுதினேன், கூச்சமாக இருந்ததால் அழித்தேன், வேறு வழியில்லாமல் மறுபடி எழுதினேன்.

நவம்பர் 24

விண்ணப்பக் கட்டணம் அதிகம் கேட்ட மூன்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பதினாலாயிரம் மிச்சம். ஆனால் படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டுகிறதே? விருதுநகரில் அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு பலசரக்குக் கடை. அந்தப் பணத்தில் கல்யாணத்தையே முடித்துவிடலாம் என்று அத்தை அப்பாவிடம் போனில் சொன்னாளாம். கோபம் வந்தது. அவள் கணக்கு சரியாக இருந்ததில் இன்னும் கோபம் வந்தது.

மிச்ச இரண்டையும் அடித்துவிடலாமா? வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு அப்பாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

நவம்பர் 30

வருடா வருடம் கடையில் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் இன்று வந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இல்லை, அம்மாவின் தம்பி கனகசபாபதி மாமாவின் அச்சகத்தில்தான் அடிப்போம். எப்போதும் அம்மன் படம் இருக்கும். இந்த வருடம் நான் இருக்கிறேன்.

ஆமாம், நான்தான். சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் அதட்டி எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை என் ஃபைலிலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறார். கீழே: 'உயர்படிப்புக்காக அயர்லாந்து செல்லும் எங்கள் அன்பு மகள் பிரீத்திகாவை வாழ்த்துகிறோம்.' எண்ணூறு காலண்டர்! ஒரு விண்ணப்பம்கூட இன்னும் போகவில்லை. காணவில்லை அறிவிப்பில் வரும் ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்குப் போன் போட்டால், கலர் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்கிறார். கலராம் கலர்.

டிசம்பர் 1

அப்பாவிடம் கத்திவிட்டேன். யாரைக் கேட்டு அடிச்சீக, கிடைக்கலேன்னா ஊரே சிரிக்காதா, நானே வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன் — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

அப்பா காலண்டர்க் கட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நான் நெனைக்கலம்மா. நான் சொல்லிருவேன்னுதான் பயந்தேன். ஒங்க அத்தை பேசப் பேச மனசு அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. ஊருக்கே அடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் நான் பின்வாங்க முடியாதுல்ல?"

அழுதுவிட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

டிசம்பர் 22

இங்கிலீஷில் தேறிவிட்டேன். இரண்டுக்கும் விண்ணப்பித்தாயிற்று.

ஜனவரி 6, 2025

டீக்கடையில் நான். மருந்துக்கடையில் நான். பல் டாக்டரிடம் போனால் அங்கேயும் எதிர்ச் சுவரில் நான். சொத்தைப் பல்லை அடைத்து முடிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தங்கல் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிறார்: "எப்பம்மா கெளம்புறீக?"

ஏப்ரல் 15

ஒன்று இல்லை என்றுவிட்டது.

மே 20

இன்னொன்றில் இடம் உண்டு, உதவித்தொகை இல்லை. கடையை அடமானம் வைக்கிறேன் என்றார் அப்பா. வைத்தால் நான் போகவே மாட்டேன் என்றேன். இடம் வேண்டாம் என்று நானே மெயில் அனுப்பிவிட்டேன். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார்.

இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கட்டணம் அதிகம் என்று நான் அடித்த மூன்றில் இரண்டு இடங்களில் முழு உதவித்தொகை உண்டு. பதினாலாயிரத்தை மிச்சம் பிடித்தேனே, என்ன புத்திசாலித்தனம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை 11

கண்டக்டர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தோடு மாமா வந்தார். முருகன், லட்சுமி, குழந்தைப் படம் என்று புரட்டிக் காட்டினார். அப்பா ஆல்பத்தைப் பார்க்கவே இல்லை.

"போன வருசம் அடிச்சதையே அடி மாப்ளே. தேதி மட்டும் மாத்திக்கிரு."

"வாசகம்?"

"அதுல ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆல்பத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போட்டோ மட்டும் வேண்டாம்ப்பா," என்றேன்.

ஆகஸ்ட் 4

பட்டியலில் ஐந்தையும் திரும்ப எழுதிவிட்டேன். இங்கிலீஷ் மார்க் இன்னும் ஒரு வருடத்துக்குச் செல்லும்.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட்டுக்கா என்று கேட்டார். காலண்டருக்கு என்றேன். அப்படியென்றால் சிரிக்கலாம் என்றார்.