நாடி தெரியாத கை

ஜனவரி 9
இன்றும் சீப்பு நழுவி விழுந்தது. இடது கையால் முடியைத் தூக்கிப் பிடித்து வலது கையால் வெட்டுவதுதான் என் பிழைப்பு. இரண்டு நிமிடம் தூக்கினால் இடது கை சில்லிட்டு, மரத்து, தானாகக் கீழே இறங்குகிறது. பார்லர் முதலாளியம்மா என்னை பில் மேசையில் உட்காரவைத்துவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார்.

ஜனவரி 21
டாக்டர் இடது மணிக்கட்டில் விரல் வைத்து வெகுநேரம் தேடினார். நாடி தெரியவில்லை. கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் வீங்கி, வழி சுருங்கிவிட்டதாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே செய்த வேலையாம். காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்த கதை.

"பலூன் வெச்சு விரிச்சிடலாம். ஆனா இப்ப வேண்டாம். வீக்கம் தணியாம செஞ்சா திரும்பவும் சுருங்கிடும்."

எத்தனை நாள்? அவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 3
வங்கியில் வேலை பார்க்கும் என் வாடிக்கையாளர் வங்கி அம்மா, இத்தனை வருடம் என் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்காராதவர், இன்று சின்னவளிடம் உட்கார்ந்தார். சின்னவள் எங்கள் பார்லரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நன்றாகத்தான் வெட்டினாள். அதுதான் வயிற்றெரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு பில் போட்டேன்.

ஏப்ரல் 16
வீக்கம் தணியக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. "சாப்பிட்டது இப்பத்தான் உடம்புல ஒட்டுது" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். சிரித்தேன். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு என் கத்தரி வேணும். வேற ஒண்ணும் கேக்கல — இது பேராசையா?

ஜூன் 20
ரத்தப் பரிசோதனை தொடர்ந்து சரியாக வருகிறது. வீக்கம் அடங்கிவிட்டது. பலூன் வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 2
மரத்துப்போக ஊசி மட்டும், நினைவோடுதான் இருந்தேன். தொடை வழியாக மெல்லிய கம்பி ஏறியது. பலூன் விரிந்தபோது தோளுக்குள் இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு வலி. பிறகு கை கதகதவென்று ஆனது.

வார்டில் வீட்டுக்காரர் என் இடது மணிக்கட்டில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இருக்கா?"

"இருக்கு. விரல எடுக்க மனசு வரல."

ஜூலை 4
மாத்திரையை நிறுத்தக் கூடாது. திரும்பச் சுருங்காது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டாராம். சரி.

ஆகஸ்ட் 11
என் நாற்காலிக்குத் திரும்பினேன். வங்கி அம்மா வந்தார், நலம் விசாரித்தார், பழக்கத்தில் நேராகச் சின்னவளிடமே போய் உட்கார்ந்தார். துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி வெட்டியதும் சின்னவள் திரும்பினாள். "அக்கா, எனக்குக் கை அசந்துபோச்சு. மீதிய நீங்க முடிச்சிடுறீங்களா?"

இருபத்திரண்டு வயதில் எந்தக் கை அசந்துபோகும்? தெரிந்தேதான் சீப்பை வாங்கிக்கொண்டேன்.