கட்டை வைத்தாயா என்று கேட்டவருக்கு

இன்று காலை லோரியைக் கழுவினேன். இடது சீட்டுக்கு அடியில் கையை விட்டதும் அந்தக் கட்டை தட்டுப்பட்டது. பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிமரத்தை எடுத்து வந்து, வாசலில் உட்கார்ந்து டயருக்கு முட்டுக்கொடுக்க நீங்களே ஆப்பு மாதிரி செதுக்கினீர்களே, அதுதான். வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தேன். டீசல், சேறு, பச்சைக் கொழுந்து, அதற்கும் அடியில் எங்கேயோ உங்கள் தலைவலித் தைலம்.

எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். இந்நேரம் லைன் வீடுகள் முழுக்க, "அக்கா கட்டையை மோந்து பாத்துக்கிட்டு நிக்குது" என்று செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். போகட்டும். ஒரு வாரமாக மழையும் பனியும், அவர்களுக்கும் பேச ஏதாவது வேண்டாமா?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் லோரி லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், மீதியை எழுதுகிறேன்.

சிரிப்பீர்கள் என்று தெரியும். நான் காரை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் பசார் மாலாமுக்கு, அந்த ராத்திரிச் சந்தைக்கு, போனாலே, "ரோட்டோரத்து முட்டைக்கோசெல்லாம் எழுந்து ஓடுது புள்ள" என்பீர்கள். லோரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதிப்பேன். அந்த இடத்தில் ரப்பர் பாய் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. "அங்க பிரேக் இல்ல, ஓட்டைதான் இருக்கு. இன்னும் நல்லா மிதி, ரோடு தெரியும்" என்று நீங்கள் சொன்னதை உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. இப்போது அதில் அவள் கால்தான் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு லோரி கித்தானுக்கு அடியில் தூங்கியது. தோட்டத்துத் துரை நல்லவிதமாகத்தான் சொன்னார், மலைத் தேயிலைக்காட்டிலிருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்து ஏற்றும் வேலையை தீபாவளிவரை நமக்காகவே வைத்திருப்பாராம். அதற்குள் லைசென்ஸ் உள்ள டிரைவர் வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சரியென்று டிரைவர் தேடினேன். முதலில் வந்தவர் பசியாறிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார், அவர் பசியாறி முடிக்க உச்சிவெயில் வந்துவிடும். அடுத்தவர் ஓட்டிய வேகத்தில் கொழுந்து மூட்டைகள் வழிநெடுக இறங்கிக்கொண்டன. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

உங்கள் தங்கை வந்தாள். "அண்ணி, வித்துட்டுப் பேசாம இருங்க லா. லெம்பா பெர்த்தாம்ல அந்தச் சீன மொதலாளி, தவுக்கே, கேட்டுக்கிட்டே இருக்காரு. காய்கறி ஏத்துறதுக்காம்."

"நான் ஓட்டுறேன்" என்றேன். நான் சொன்னதா, வாய் தானாகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணி, உங்களுக்குக் கிளச்சுக்குக் கால் எட்டுமா?"

எட்டவில்லைதான். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சமாளித்தேன். தாப்பாவில் இருந்தது அந்தப் பயிற்சிப் பள்ளி. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்குவதற்குள் குடித்த தேத்தண்ணி தொண்டைவரை வந்துவிடும். வகுப்பில் நான் ஒருத்திதான் பொம்பளை. சொல்லிக்கொடுத்த மலாய்க்காரரை எல்லோரும் 'சிக்கு' என்பார்கள், நம் வாத்தியார் மாதிரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அதனால் என்னை 'காக்', அதாவது அக்கா, என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் திட்டுவார்.

தாப்பா ரோடு நம் வீட்டுத் தரை மாதிரி மட்டம். எனக்கோ மலைக்காரப் புத்தி. வளைவைக் கண்டால் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும். எதிரே வண்டி வருகிறதா என்று தெரியாத வளைவில் ஹாரன் அடிக்காதவனை நீங்கள் மனுசனாகவே மதித்ததில்லையே. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் அடித்தேன். முச்சந்தியில் அடித்தேன். பள்ளியின் வாசலில் திரும்பும்போதும் அடித்தேன். உள்ளேயிருந்து சமையல்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"காக், யாரைக் கூப்பிடுறீங்க?" என்றார் சிக்கு.

"யாரையும் இல்ல சிக்கு. வளைவு."

"அந்தப் பக்கம் என்ன வருதுன்னு இங்கிருந்தே தெரியுதே. ஈப்போ வரைக்கும் தெரியுது."

எப்படியோ ஹாரனை விட்டேன். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கப் பழகினேன். டயர், எண்ணெய், விளக்கு என்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்துச் சொல்லும் பரிசோதனையில் எனக்குத்தான் முதல் இடம். உங்களோடு இத்தனை வருடம் கெலிண்டானாக, லோரி எடுபிடியாக, ஓடினேனே, அதற்காவது உதவ வேண்டாமா? சோதனைக்குப் போகும்போது, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கர்வமாகவே போனேன்.

அந்தக் கர்வத்தை மேட்டில் இறக்கி வைத்தேன்.

சோதனைத் திடலில் ஒரு செயற்கை மேடு உண்டு. லோரியை ஏற்றி, பாதியில் மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிறகு பின்னால் உருளாமல் எடுத்துப் போக வேண்டும். ஏறினேன். கோட்டில் அழகாக நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கதவைத் திறந்து குதித்து, பின்டயரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன்.

பாதி தூரம் போன பிறகுதான் கையில் கட்டை இல்லை என்பதே தெரிந்தது. அதற்கப்புறம்தான், லோரிக்குள் யாரும் இல்லை என்பது.

சோதனை அதிகாரி மேட்டின் கீழே நின்றிருந்தார். மலாயில், ரொம்பப் பணிவாக, "காக், எங்க கிளம்பிட்டீங்க?" என்றார்.

"கட்டை வைக்கணும் துவான்."

"இந்த வண்டிக்கு டிரைவர் யாரு?"

நான் லோரியைப் பார்த்தேன். லோரி என்னைப் பார்த்தது. ஃபெயில்.

பிரிஞ்சாங்கில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி எனக்கு முன்னால் மலையேறியிருந்தது. பாய் கடையில் உட்கார்ந்ததும் பாய் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, உருளாம இருக்க இதுக்கும் ஒரு கட்டை வைக்கட்டுமா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கித்தானைத் தூக்கிவிட்டு லோரிக்குள் ஏறி உட்கார்ந்துதான் அழுதேன். தீபாவளிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு சோதனை நாள்தான் கிடைத்தது. அதிலும் விட்டால் கொழுந்து வேலை போகும். வேலை போனால் லோரியைக் கித்தானுக்கு அடியில் வைத்து என்ன செய்வது? தவுக்கே தங்கமானவர்தான். ஆனால் உங்கள் சீட்டில் யாரோ ஒருவர் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு நம் வாசல் வழியாகவே போய்வருவார். அதைப் பார்த்துக்கொண்டு நான் சோறு பொங்க வேண்டும்.

அழுவதற்கு வசதியாக டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கால் பிரேக்கின் மேல் இருந்தது. அப்போதுதான் உங்களைப் பற்றி ஒன்று புரிந்தது.

நினைவிருக்கிறதா? சரிவில் எங்கே நிறுத்தினாலும், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "கட்டை" என்பீர்கள். அவ்வளவுதான். பெயர் கிடையாது, புள்ள கிடையாது. நான் மழையென்றும் சேறென்றும் பார்க்காமல் குதித்து, பின்டயருக்கு அடியில் கட்டையைச் செருகி, லோரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுப்பீர்கள். "நான் என்ன கூலிக்கு வந்தவளா? ஒரு நாளாச்சும் நீங்க எறங்கி வையுங்களேன்" என்பேன். "நான் எறங்குனா பிரேக்கை யாரு மிதிக்கிறது, உங்கப்பனா?" என்பீர்கள். அப்பா செத்துப் பல வருடம் ஆன பிறகும் அதற்காக நான் தவறாமல் சண்டை போட்டேன். முகத்தைத் திருப்பாமல் வேலை வாங்குகிறாரே என்ற கோபத்தில் சில நாள் வேண்டுமென்றே ஆடி அசைந்து நடப்பேன்.

பிரேக்கில் காலை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, சரிவில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கெண்டைக்கால் எப்படி உதறும் என்று. பின்னால் மூட்டைப் பாரம், அதற்கும் பின்னால் கட்டையோடு குனிந்து நிற்கும் பொண்டாட்டி. நீங்கள் முறைத்துக்கொண்டு இருந்ததாக இத்தனை காலம் நினைத்திருந்தேன். பயந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். அந்த இரண்டு தட்டு கேட்கிறவரை மூச்சுகூட விட்டிருக்க மாட்டீர்கள். வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? சொல்ல மாட்டீர்கள். ஆம்பளை, அதிலும் டிரைவர்.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தானே கேட்டீர்கள். நம் லோரியிலேயே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவசரத்துக்கு, லைசென்ஸ் இல்லாத அடுத்த வீட்டுத் தம்பிதான் ஓட்டினான். மத்தியானம், நல்ல மழை. உங்களுக்கு மூச்சு வாங்கியது. கட்டிக்கொடுத்த நம் மகளைக் கேட்பீர்கள், தங்கையைக் கேட்பீர்கள் என்று நர்சு எல்லாரையும் கூப்பிடச் சொன்னார். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைத் தேடி, "மேட்டுலதான நிறுத்துனீங்க? கட்டை வச்சியா?" என்றீர்கள்.

"வச்சுட்டேங்க."

நம்பாத மாதிரி பார்த்தீர்கள். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினேன். அதற்கப்புறம் கண்ணை மூடினீர்கள். முகம் அவ்வளவு லேசாகிவிட்டது.

இரண்டாவது சோதனைக்குப் போனபோது அதே அதிகாரி. என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் தன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். சிக்கு தூரத்திலிருந்து, "இறங்காதீங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

மேட்டில் ஏறினேன். கோட்டில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இறங்கவில்லை. ஆனால் பிரேக்கிலிருந்து கால் வர மாட்டேன் என்கிறது. ஹேண்ட் பிரேக் பிடிக்கும் என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அது எதையோ எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெண்டைக்கால் உதற ஆரம்பித்தது, உங்களுடையது மாதிரியே.

வலது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, கதவின் மேல் உள்ளங்கையால் தட்டினேன். ஒன்று. இரண்டு.

கால் வந்துவிட்டது. லோரி அசையவில்லை. கிளச்சை மெல்ல விட்டு எடுத்தேன், ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல் மேட்டைத் தாண்டி இறங்கியது.

அதிகாரி பக்கத்தில் வந்தார். "யாருக்கு சிக்னல் கொடுத்தீங்க?"

"டிரைவருக்கு துவான்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். போச்சு, இதற்கும் ஃபெயில் போடுவார் என்று நினைத்தேன். ஏதோ எழுதினார். "லுலுஸ்" என்றார். பாஸ்.

நிம்மதி எனக்குப் பசியாகத்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தின்றேன், மூன்றாவதை வழிக்கு வாங்கிக்கொண்டேன். பஸ் மலையேறியது. பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தேன், அத்தனை வளைவிலும் என் வலது கால் சும்மாவே இருந்தது. ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தேன். அந்த ரோட்டில் நான் தூங்கிக்கொண்டு வந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

துரை சொன்ன சொல் மாறவில்லை. வேலை நமக்கே. கெலிண்டானுக்கு ஆள் தேட வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வீட்டுல சும்மாதான இருக்கேன்." லோரியை விற்கச் சொன்ன அதே வாய். இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் முதல் வளைவிலேயே இல்லாத பிரேக்கை மிதித்தாள், கால் நேராக அந்த ஓட்டைக்குள் போனது. நான் ஹாரனை நீளமாக அடித்தேன்.

மேல்காட்டுச் சரிவில் நிறுத்தினேன். கால் பிரேக்கில். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "கட்டை" என்றேன்.

"நான் என்ன கூலிக்கு வந்தவளா?" என்று முனகிக்கொண்டே இறங்கினாள். கட்டை உள்ளே போகும் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் ஒரு தட்டு. அவ்வளவுதான், கொழுந்து எடுக்கிற பொம்பளைகளைப் பார்த்ததும் ஊர்க்கதை பேசக் கிளம்பிவிட்டாள்.

"ஏய், இன்னொண்ணு."

"ஒண்ணு போதாதா அண்ணி?"

"போதாது."

திரும்பி வந்தாள். தட்டினாள். காலை எடுத்தேன்.